வாசலுக்கு வாசல் இறங்கும் நடைபாதை

செவ்வாய்க்கிழமை காலை போசரியில் ஒரு வேலையிடத்தில் நின்றுகொண்டிருந்தபோது பழைய அலுவலகத்து சந்தீப் தொலைபேசியில் அழைத்தான். "முத்து அண்ணா கேலே" என்றான். போய்விட்டார் என்பதற்கு மராத்தியில் அப்படித்தான் சொல்வார்கள் என்று தெரிந்தும், "எங்கே போனார்?" என்று கேட்டேன். சிஞ்ச்வட்டைத் தாண்டிய புதுக் குடியிருப்பில், அவர் வீட்டுத் தெருவிலேயே, பின்னால் வந்த தண்ணீர் லாரி மோதியிருக்கிறது. அந்தத் தெருவுக்கு நடைபாதை வரைந்தவன் நான். கையில் நீட்டிப் பிடித்திருந்த அளவு நாடாவைச் சுருட்டக்கூடத் தோன்றவில்லை.

இந்த அஞ்சலியை வாசிக்கும் நீங்கள் சுடலைமுத்துவை நம் தமிழ் வட்டத்தில் சிரித்த முகமாகவே நினைவில் வைத்திருப்பீர்கள். அவருக்குக் கீழே ஒன்பது ஆண்டுகள் வேலை பார்த்த எனக்கு வேறு முகமும் தெரியும். புதிதாகப் போட்ட ஒவ்வொரு நடைபாதையிலும் சக்கரம் வைத்த பழைய சூட்கேஸ் ஒன்றை, உள்ளே இரண்டு செங்கல் வைத்து, இழுத்துக்கொண்டே போவார். ஓரிடத்தில் தூக்க வேண்டிவந்தால் வரைபடம் திரும்பி வரும். "பெட்டியத் தூக்க வச்சா அது ஃபுட்பாத் இல்லவே, படிக்கட்டு" என்பார்.

ஒருமுறை என் நடைபாதையில் பெட்டி கவிழ்ந்தது. அத்தனை பேர் முன்னால், "ஓய், உமக்குக் காலே கெடையாது, ஸ்கூட்டர்தான். நடக்கவன் பாடு உமக்கு எங்க தெரியும்?" என்றார். தமிழ் கொஞ்சம் புரியும் சந்தீப் அதை மராத்தியில் மற்றவர்களுக்குச் சொல்ல, மூன்று மாதம் எனக்கு 'ஸ்கூட்டர்' என்றே பெயர். பெரியவர் சொன்னார் என்பதற்காக அவமானம் வேடிக்கையாகிவிடாது.

பிறகு இந்தக் குடியிருப்பு வேலை வந்தது. அடுக்குமாடி சொசைட்டிகளின் கேட்டுகளுக்கு முன்னால் நடைபாதை இறங்கக் கூடாது, ஒரே மட்டத்தில் போகவேண்டும், கார்தான் ஏறி இறங்கவேண்டும் என்றார். கார்களின் அடி உரசும் என்றார்கள் கட்டடக்காரர்கள். "உரசாது. இவர் கணக்குப் போட்டிருக்கார், கேளுங்க" என்று அவர் என்னைக் காட்டினார். நான் போட்டிருந்தேன். உரசாது.

"உறுதியாகச் சொல்ல முடியாது, சார்" என்றேன்.

அன்று மாலையே, ஒவ்வொரு கேட்டிலும் இறங்கி ஏறும் நடைபாதையை வரைந்து நீட்டினேன். தலைமைப் பொறியாளர் என்ற முறையில் கையெழுத்துப் போட்டார். "ஜெயிச்சிட்டீரு. நல்லா இரும்" என்றார். அதன்பின் வேலை தவிர வேறெதுவும் நாங்கள் பேசிக்கொண்டதில்லை. ஓய்வுபெற்று அங்கேயே வீடு வாங்கியபோது, என்னைக் குத்திக்காட்டத்தான் வாங்கினார் என்று நினைத்தேன்.

சாவுச் செய்தி வந்த மறுநாள் அந்த வீட்டுக்குப் போனேன். "முட்டு வலியோட ஏறி எறங்க முடியலன்னு ரோட்டுலதான் நடப்பாவ, தம்பி" என்றார் அவர் மனைவி. "எந்தக் கூறுகெட்டவன் இத வரைஞ்சான்னு நான் தெனமும் திட்டுவேன். 'நாந்தான்ட்டி அந்தக் கூறுகெட்டவன், என் கையெழுத்துதான் இருக்கு'ன்னு சிரிப்பாவ." பக்கத்து வீட்டிலிருந்து வந்த காப்பியை என்னிடம் கொடுத்தார். குடித்தேன். டம்ளரைக் கழுவி வைத்துவிட்டுக் கிளம்பினேன்.

அவரிடம் கற்றவை என்று பட்டியல் போட எனக்கு வராது. அந்த ஸ்கூட்டர் பேச்சை இன்றும் மன்னிக்கவில்லை. ஆனால் அன்று காப்பி கொடுத்த அம்மா, இந்த அஞ்சலியை யாராவது உங்களுக்கு வாசித்துக் காட்டுவார்கள். நீங்கள் தினமும் திட்டிய அந்த நடைபாதையை வரைந்தது அவர் இல்லை. இத்தனை வருடம் அவர் தன்னுடையதென்று சொல்லி வைத்திருந்த அந்த வரைபடத்தை நான் எடுத்துக்கொள்கிறேன்.