காதுவரை எழுந்த கை

எங்கள் ஊர் எதற்கும் 'இல்லை' என்று வாக்களிக்கும் ஊர். சுவிஸில், பெர்ன் மாநிலத்தின் தெற்கு ஓரத்தில், மலையடிவாரத்தில் இருக்கிறது. ஒரு தேவாலயம், ஒரு பால்கட்டி ஆலை, அதற்கு மேல் மாடுகள். நாடே ஆம் என்றாலும் எங்கள் ஊர் இல்லை என்று சொல்லிவிட்டு, மறுநாள் தெருவில் கண்டால் வாய் நிறையச் சிரிக்கும். பெர்ன் நகரத்தை ஒட்டிய ஓஸ்டர்முண்டிகனில் இருக்கும் என் தங்கை, "உங்கட ஊரில மாடுகளுக்கும் வாக்கு இருக்கோ?" என்று கேட்பாள். இருந்திருந்தால் சில விஷயங்களாவது வென்றிருக்கும்.

எங்கள் வீட்டில் வாக்கு என் கணவருக்கு மட்டும்தான். அவர் குடியுரிமை எடுத்து வருடக்கணக்காகிறது. நான் அதற்கு வேண்டிய டொச், அதாவது ஜெர்மன் மொழிப் பரீட்சையைத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன். வீட்டுக்கு ஒரு வாக்குப் போதும் என்பது என் கொள்கை. சோம்பலுக்கு அப்படியொரு பெயர் வைத்திருந்தேன்.

அவர் வாக்களிக்கும் அழகே தனி. தபாலில் வரும் சீட்டைத் திரைச்சீலையை இழுத்து மூடிவிட்டுத்தான் நிரப்புவார். என்னைக்கூடக் கிட்ட விடமாட்டார். எந்தப் பக்கம் என்று தெரிந்தால் என்ன நடக்கும் என்பதைப் பிறந்த மண்ணில் கண்டு வந்தவர். "ஆருக்கும் தெரியக்கூடாது" என்பார். இங்கே அதைத் தெரிந்துகொள்ள ஒருவரும் தவம் கிடக்கவில்லை என்பதை எத்தனை தடவை சொன்னாலும் கேட்கமாட்டார்.

ஆனால் ஊர்க் காரியங்களுக்குத் தபால் கிடையாது. ஊர்க்கூட்டத்துக்குப் போய், பள்ளிக்கூட மண்டபத்தில் எல்லார் முன்னும் கை தூக்க வேண்டும். போன கார்த்திகையில் அங்கே வந்தது காலை பஸ் விவகாரம். ஐந்தே முக்காலுக்குக் கீழே நகரத்துக்குப் போகும் முதல் பஸ்ஸைத் தொடர்வதா, நிறுத்துவதா என்பதுதான் கேள்வி. அந்த நகரத்து முதியோர் இல்லத்தின் சமையலறையில்தான் எனக்கு வேலை. எனக்குக் காரோட்டத் தெரியாது. அவர் அதற்கும் முன்பே ஆலைக்குப் போய்விடுவார். பஸ் நின்றால் என் வேலையும் நின்றுவிடும்.

"எழும்பி நிண்டு ஒரு சொல்லுச் சொல்லுங்கோ" என்று வழி முழுக்க நச்சரித்தேன்.

"பாப்பம். நீர் பேசாமல் வாரும்" என்றார். அவருடைய 'பாப்பம்' எப்படி முடியும் என்று எனக்குத் தெரியும்.

வாக்கில்லாதவர்களுக்குச் சுவரோரமாகத் தனி நாற்காலிகள். அங்கே இருப்பவர்கள் கை தூக்கவும் கூடாது, வாய் திறக்கவும் கூடாது. என் கணவர் போய்ப் பக்கத்து வீட்டு விவசாயியின் அருகில் அமர்ந்தார். அதே வரிசையில் விவசாயியின் தம்பிமார், மச்சான்மார், அவர் பாடும் பாட்டுக்குழு. அவர் கை போகும் பக்கம்தான் அந்த வரிசையும் போகும். கட்சி, கொள்கை எல்லாம் எங்கள் ஊரில் அதற்குப் பிறகுதான்.

விவசாயி எழுந்தார். "அந்த பஸ் வெறுமையாகத்தான் ஓடுகிறது. யார் அதில் போகிறார்கள்?" என்று கேட்டார். வஞ்சகமில்லாத கேள்வி. நான் பஸ் ஏறும் நேரம் அவர் தொழுவத்தில் பால் கறந்துகொண்டிருப்பார். நான் என் கணவரின் பிடரியை எரித்துவிடுவதுபோலப் பார்த்தேன். பிடரி அசையவில்லை.

"தொடர வேண்டும் என்பவர்கள்?" என்றார் தலைவர். என் கணவரின் கை மெல்ல எழுந்து காதுவரை வந்தது. அங்கே நின்று காதைச் சொறிந்தது. எண்ணுகிறவர் ஒரு கணம் தயங்கிவிட்டுக் கடந்து போனார். "வேண்டாம் என்பவர்கள்?" விவசாயியின் கை எழுந்தது, வரிசையே எழுந்தது. என் கணவர் மற்றக் காதைச் சொறிந்தார். இரு பக்கத்துக்கும் நல்ல பிள்ளை.

பஸ் தோற்றது. அந்த ஒரு வரிசை மாறியிருந்தால் வென்றிருக்கும்.

கூட்டம் முடிந்ததும் வழக்கம்போல வைனும் பால்கட்டியும் வந்தன. விவசாயி என் முகத்தைப் பார்த்துவிட்டு, என்ன ஆயிற்று என்று கேட்டார். ஆத்திரத்தில் எனக்குக் கூச்சம் போய்விட்டது. "நான் தினமும் போகிற பஸ் அது. இனி எனக்கு வேலை இல்லை" என்று அரைகுறை டொச்சில் சொன்னேன்.

அவர் கிண்ணத்தை மேசையில் வைத்தார். "நீங்களா? பத்து வருடமாகப் பக்கத்து வீட்டில் இருக்கிறீர்கள். ஒரு நாளாவது சொல்லக்கூடாதா? சொல்லியிருந்தால் நாங்கள் எல்லாரும் கை தூக்கியிருப்போமே."

அவர் பொய் சொல்லவில்லை. கண்கள் உண்மையாகவே கலங்கியிருந்தன. என் கணவரின் கை மறுபடியும் காதுக்குப் போனது.

வீட்டுக்கு நடக்கும்போது அவரைத் திட்டுவதற்குச் சொற்கள் நிறையச் சேர்த்து வைத்திருந்தேன். ஒன்றைக்கூட வெளியே எடுக்க முடியவில்லை. வேலியடியில் நின்று அந்த மனிதரோடு பத்து வருடமாக மழையைப் பற்றியும் மாட்டைப் பற்றியும் கதைத்தவள் நான்தான். அங்கே வாய் திறக்க எனக்கு வாக்கு வேண்டியிருக்கவில்லை.