கொட்டை பொறுக்கிய நரி

மரத்தில் கட்டியிருந்த கேமராவை அவிழ்த்து என் கையில் திணித்தார் தனலட்சுமி அக்கா. "எடுத்துக்கிட்டுக் கெளம்பு."

ஜெயங்கொண்டம் பக்கம் அவருடைய முந்திரித் தோப்பில்தான் என் ஆராய்ச்சிக்கான நரிகள் நடமாடின. தோப்பு போனால் என் பிஎச்.டி. அம்பேல்.

தப்பு என்னுடையதுதான். எது குறுக்கே போனாலும் தானாகப் படமெடுக்கும் கேமரா ட்ராப் அது. அனுமதி கேட்ட அன்று, "ஒண்ணு தப்பாதுக்கா, எல்லாம் படத்துல விழுந்துடும்" என்று பெருமையடித்திருந்தேன். அக்கா அதைத் திருடன் பிடிக்கும் மெஷின் என்று எடுத்துக்கொண்டார். அறுவடை நேரம். உதிர்ந்த முந்திரிக்கொட்டை தினமும் காணாமல் போய்க்கொண்டிருந்தது.

"எவன் எடுக்குறான்னு இன்னைக்குக் காட்டு. இல்லாட்டி ஒன் கேமராவும் வேணாம், நரியும் வேணாம்."

மெமரி கார்டை லேப்டாப்பில் போட்டேன். கீரி, மயில், நரி. அப்புறம் பட்டப்பகலில், பச்சைக் கட்டம் போட்ட லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு கொட்டை பொறுக்கி மடியில் ஒளிக்கும் ஓர் ஆள். அடப்பாவி, அக்காவின் வீட்டுக்காரர் செல்வராசு மாமா! அதே லுங்கியோடு அக்காவின் முதுகுக்குப் பின்னால் நின்று என்னைக் கும்பிட்டுக்கொண்டிருந்தார். சிரிப்பை அடக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

மனிதர் விழுந்த படத்தை யாருக்கும் காட்டக் கூடாது, அழித்துவிட வேண்டும். ஆராய்ச்சியில் அதுதான் எங்கள் முறை. அழித்தேன். முந்திரிப் பழத்தைக் கடிக்கும் நரியை மட்டும் காட்டினேன்.

"நரிதாங்க்கா."

அக்கா படத்தைப் பார்க்கவில்லை. என் மூஞ்சியைப் பார்த்தார், பிறகு என் கண் போன பக்கம் திரும்பி மாமாவைப் பார்த்தார்.

"ஏம்மா, அந்த நரி கட்டியிருந்தது பச்சைக் கட்டம் போட்ட லுங்கியா?"

நான் லேப்டாப்பைப் படக்கென்று மூடினேன். மாமாவுக்குத்தான் பொறுக்கவில்லை. "நரி புடிக்கிற கேமரா பகல்ல தூங்கும்னுல்ல நெனச்சேன்!"

அக்கா விழுந்து விழுந்து சிரித்தார். எனக்கு உயிர் வந்தது. "கேமராவக் கட்டிட்டுப் போ. இனிமே நரி வராது."

"அய்யோ அக்கா, நரி வரணும்!"

"நாலு காலு நரி வரட்டும். ரெண்டு காலு நரிய நான் பாத்துக்கறேன்."

இப்போது மனிதர் விழுந்த படங்களைச் சாஃப்ட்வேரே ஒதுக்கிவிடுகிறது. ஆனாலும் புதிதாக வரும் மாணவர்களிடம் சொல்வேன்: தோப்புக்காரரிடம் கேமரா எதை எடுக்கும் என்று அளக்காதீர்கள், நீங்கள் எதைக் காட்ட மாட்டீர்கள் என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். படத்தை அழிக்கலாம். மூஞ்சியில் தெரிவதை அழிக்க இன்னும் சாஃப்ட்வேர் வரவில்லை.