இராஜாங்கம் நடந்த நடை

ஆனி மாதக் குறுவை நடவு. வலங்கைமானுக்குத் தெற்கே, வாய்க்கால் ஓரத்து வயலில் பதினான்கு பெண்கள் குனிந்து நட்டுக்கொண்டிருந்தார்கள். ஆள் சேர்த்து அழைத்து வந்தவள் பொன்னுத்தாய். நாற்றுமுடி தீர்ந்துவிட்டது என்று வரப்பில் ஏறி நடந்தாள். பத்தடி போயிருப்பாள். பின்னாலிருந்து நாத்தனார் அம்சம் சொன்னாள்.

"அண்ணி, நீங்க நடக்குறது எங்க அண்ணன் நடந்த மாதிரியே இருக்கு."

அம்சம் சாதாரணமாகத்தான் சொன்னாள். பொன்னுத்தாய்க்கு முதுகுத்தண்டில் யாரோ ஈரக் கையை வைத்தது போலிருந்தது. குனிந்து தன் கால்களைப் பார்த்தாள். காய்ந்த வரப்பு அது. ஆனாலும் சேற்றில் போகிறவளைப் போல அகட்டி அகட்டித்தான் வைத்துக்கொண்டிருந்தாள்.

அவள் புருஷன் இராஜாங்கம் செத்துப் பதினேழு வருஷம் ஆகிறது. கடைசி நான்கு மாதம் அவன் இப்படித்தான் நடந்தான்.

நடை மட்டுமல்ல. ஆறேழு மாதமாகவே அவளுக்கு ஏதேதோ நடந்துகொண்டிருந்தது. கைக்கு நாற்று வரும், விரல் பிரித்துக் கொடுக்காது. யார் யாரை மறுநாள் வரச் சொன்னோம் என்பது நினைவில் நிற்காது. ஒருநாள் உலை கொதித்து அடங்கியும் அரிசி போடாமல் அதன் முன்னால் உட்கார்ந்திருந்தாள். மகள் செம்மொழி திருவாரூரில் கல்லூரியில் படிக்கிறவள், லீவுக்கு வந்திருந்தாள். "என்னம்மா யோசிக்கிற?" என்று கேட்டாள். பொன்னுத்தாய் எதையும் யோசிக்கவில்லை. அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது.

பகலில், ஆளில்லாத வயல்வெளியில், இராஜாங்கம் தன் உடம்புக்குள் வந்து நிற்கிறான் என்று அவளுக்குத் தோன்ற ஆரம்பித்தது. வந்தால் நியாயம்தான் என்றும் தோன்றியது.

இராஜாங்கம் அறுவடை மெஷினோடு ஆந்திரா, கர்நாடகா என்று போய்க்கொண்டிருந்தவன். இரண்டாயிரத்து ஏழில், தை அறுவடை தொடங்கும்போது, இளைத்துப்போய் ஊருக்கு வந்தான். அதற்கு முன்பெல்லாம் வீட்டுக்குள் நுழையும்போதே எதையாவது சொல்லிச் சிரிக்க வைப்பவன். அந்தத் தடவை பேச்சே இல்லை. சோற்றைப் போட்டு வைத்தால் தட்டைப் பார்த்துக்கொண்டே இருப்பான். டம்ளர் கையிலிருந்து நழுவும். மூன்று வயசு செம்மொழி மடியில் ஏறினால் யார் வீட்டுப் பிள்ளையோ என்பது போல அப்படியே இருப்பான்.

அவனுக்குப் பேய் பிடித்திருக்கிறது என்று மாமியாரும் அம்சமும் சொன்னார்கள். வேறு எவளோ இருக்கிறாள் என்று பொன்னுத்தாய் முடிவு கட்டினாள். "பேச இஷ்டமில்லாதவரு எதுக்கு ஊருக்கு வந்தீங்க?" என்று கேட்டாள். அவன் பதில் சொல்லவில்லை. அந்த மௌனத்தை அவள் ஒவ்வொரு நாளும் வெறுப்பு என்றே எடுத்துக்கொண்டாள்.

சித்திரையில் ஒருநாள் கடையில் உப்பு வாங்கி வரச் சொல்லி அனுப்பினாள். அவன் திரும்பவில்லை. உச்சி வெயிலில் தேடிப் போனாள். வாய்க்கால் மதகின் பக்கத்தில், கையில் உப்புப் பொட்டலத்தோடு நின்றுகொண்டிருந்தான். வீடு கண்ணுக்கெட்டிய தூரம்தான்.

"வீடு எங்க இருக்கு?" என்று கேட்டான்.

கேலி செய்கிறான் என்று நினைத்தாள். நான்கு மாதத்துக் கோபமும் தலைக்கேறியது. "ஏன், ஆந்திராவுல இருக்கோ?" என்று சொல்லிவிட்டு, பொட்டலத்தைப் பிடுங்கிக்கொண்டு, அவனை அங்கேயே விட்டுவிட்டு வந்தாள். மறுநாள் காலையில் வாய்க்கால் சரிவில் காய்ச்சலோடு கிடந்தவனைத் தூக்கி வந்தார்கள். பத்தாம் நாள் செத்துப்போனான்.

இரண்டு வருஷம் கழித்து அவளுக்கே உடம்பு கரையத் தொடங்கியது. விடாத பேதி, வாயெல்லாம் வெள்ளைப் படலம். தஞ்சாவூரில் ரத்தம் எடுத்துப் பார்த்து எச்ஐவி என்றார்கள். புருஷனிடமிருந்து வந்தது என்று அப்போதுதான் தெரிந்தது. மகளுக்கு இல்லை என்று வந்ததும் மாத்திரையைக் கையில் வாங்கிக்கொண்டாள். பதினைந்து வருஷத்தில் ஒரு வேளையும் தவறவிட்டதில்லை. ஊரில் கேட்டால் சுகர் மாத்திரை என்பாள். அம்சத்திடமும் அதைத்தான் சொல்லியிருந்தாள்.

அம்சம் வரப்பில் அப்படிச் சொன்ன மறுவாரம், பொன்னுத்தாய் மகளைக் கூட்டிக்கொண்டு, அந்த மாத்திரை தரும் தஞ்சாவூர் சென்டருக்குப் போனாள். டாக்டர் லத்தீஃபா அவளைப் பல வருஷமாகப் பார்க்கிறவர். கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் வேகமாகத் தட்டச் சொன்னார். நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னார். எண்பத்தாறுக்குக் கீழே அவளால் போக முடியவில்லை. பிறகு தைராய்டு, வைட்டமின், தலை ஸ்கேன் எல்லாம் எடுத்தார்கள். அவற்றில் ஒன்றும் இல்லை. ரத்தத்திலும் கிருமி தென்படவில்லை. கடைசியாக முதுகுத்தண்டில் ஊசி போட்டு நீர் எடுத்தார்கள். அதில் கிருமி இருந்தது.

"மாத்திரைய ஒழுங்கா சாப்பிட்டேனே, டாக்டரம்மா."

"நீங்க எந்தத் தப்பும் பண்ணல. மூளைக்குன்னு ஒரு தடுப்பு இருக்கு. ரத்தத்துல போற மருந்து அத்தனையும் அதைத் தாண்டி உள்ள போகாது. ஆனா கிருமி ஆரம்பத்துலயே போயிருது."

"எப்படிங்க?"

"நம்ம உடம்புல நோயோட சண்டை போடுற அணுக்கள்தான் வெள்ளை அணு. அதுல ஒரு வகைக்குள்ள இந்தக் கிருமி புகுந்து, பெருகி, அதை அழிச்சிரும். சிடி ஃபோர்னு உங்களுக்கு எண்ணிக்கை எடுக்குறோமே, அந்த அணு. இன்னொரு வகையும் இருக்கு. அது அவ்வளவு சீக்கிரம் சாகாது. கிருமியச் சுமந்துக்கிட்டே உடம்பு பூரா சுத்தும், மூளைக்குள்ளயும் போகும். அங்க காவலுக்குன்னே இருக்குற அணுக்கள் கிருமிய வாங்கிக்கும்."

"அப்ப யோசிக்கிறத கிருமி தின்னுருதா?"

"யோசிக்கிற நரம்பணுவ அது நேரா பிடிக்கிறது இல்ல. காவல் அணு உள்ளுக்குள்ள கொதிச்சுக்கிட்டே இருக்கும். அது விடுற விஷத்துல பக்கத்துல இருக்குற நரம்பணு கெட்டுப்போகும்."

பொன்னுத்தாய் சற்று யோசித்தாள். "பக்கத்து வயல்ல களைக்கொல்லி அடிச்சா காத்துல வந்து நம்ம பயிர் கருகுமே, அது மாதிரிங்களா?"

"கிட்டத்தட்ட அப்படித்தான். உங்களுக்கு ஆரம்பம்தான். மூளைக்குள்ள நல்லாப் போற மருந்தா மாத்திக் குடுக்குறேன். நிறைய சரியாகும். எல்லாமே சரியாகும்னு சொல்ல மாட்டேன்."

செம்மொழி தாயின் கையைப் பிடித்திருந்தாள். பொன்னுத்தாய் எழுந்திருக்கவில்லை.

"மருந்தே சாப்பிடாதவங்களுக்கு எப்படிங்க இருக்கும்?"

"ரொம்ப மோசமா இருக்கும். பேச்சு குறைஞ்சு போகும், கால அகட்டி நடப்பாங்க. எதுலயும் விருப்பம் இருக்காது. பிடிவாதம், கோவம்னு வீட்டுல இருக்கறவங்க நினைச்சுப்பாங்க."

"வழி மறந்து போகுமா?"

"தன் வீட்டு வழியே மறக்கும்" என்றார் டாக்டர்.

வரும்போது பஸ்ஸில் ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்தாள். இராஜாங்கம் கேலி செய்யவில்லை. அவனுக்குத் தெரியவில்லை. கண்ணெதிரே இருந்த வீட்டை அவன் கேட்டிருக்கிறான், அவள் திட்டிவிட்டு வந்திருக்கிறாள். பேயாக வந்தவனிடமாவது மன்னிப்புக் கேட்கலாம். பேயும் இல்லை என்று இப்போது ஆகிவிட்டது. மகள் கேட்டபோது மதகில் நடந்ததை முதல்முறையாகச் சொன்னாள். "உங்கப்பாவுக்கு நம்ம மேல வெறுப்பு இல்ல, செம்மொழி" என்று மட்டும் இரண்டு தடவை சொன்னாள்.

புது மாத்திரை தொடங்கி மூன்று மாதத்தில் விரல் கொஞ்சம் இளகியது. கால் நேரானது. பெயர்கள் மட்டும் முன்னைப்போல வரவில்லை. ஆட்களுக்குச் சொல்லி அனுப்பும் பொறுப்பை அம்சத்திடம் கொடுத்தாள். ஏன் என்று அம்சம் கேட்டபோது பொய் சொல்லத் தோன்றவில்லை. அவள் அண்ணனைப் பற்றிய உண்மையைச் சொல்லவேண்டுமானால் தன்னைப் பற்றியும் சொல்லித்தான் ஆகவேண்டும்.

சம்பா நடவின்போது ஒரு மத்தியானம் மழை பிடித்துக்கொண்டது. மற்றவர்கள் ஊரைப் பார்த்து ஓடிவிட்டார்கள். இவர்கள் இருவரும் மோட்டார் கொட்டகையில் ஒதுங்கினார்கள். பொன்னுத்தாய் எல்லாவற்றையும் சொன்னாள். மாத்திரை என்ன மாத்திரை என்பதை, டாக்டர் சொன்னதை, மதகில் அவனை விட்டுவிட்டு வந்ததை.

அம்சம் முந்தானையால் தலையைத் துவட்டிக்கொண்டிருந்தவள் நிறுத்தினாள்.

"அப்ப அண்ணனுக்குப் புடிச்சிருந்தது பேய் இல்லையா, அண்ணி?"

"இல்ல."

அம்சம் அப்படியே தரையில் உட்கார்ந்தாள். "பேய் ஓட்டணும்னு அண்ணனக் கோயிலுக்குக் கூட்டிட்டுப் போனோமே, நீங்க வரமாட்டேன்னு இருந்துட்டீங்க. பூசாரி சாட்டைய எடுத்துட்டு எங்களப் பாத்தாரு. அம்மா வேணாம்னுச்சு. அடிங்கன்னு சொன்னது நான்தான். அடிச்சா பேய் கத்தும்னு சொன்னாங்க. அண்ணன் கத்தவே இல்ல. என்னையே பாத்துக்கிட்டு நின்னுச்சு."

மழை விட்டதும் எழுந்து போய்விட்டாள். அடுத்த எட்டு நாள் வேலைக்கு வரவில்லை. வியாதியைக் கேட்டு ஒதுங்கிவிட்டாள் என்று பொன்னுத்தாய் முதலில் நினைத்தாள். பிறகு, அப்படியிருந்தால்கூடப் பரவாயில்லை என்று நினைத்தாள். தன் நெஞ்சில் கிடந்ததை எடுத்து அவள் நெஞ்சில் வைத்துவிட்டோமே என்பதுதான் அவளைச் சாப்பிடவிடாமல் செய்தது.

ஒன்பதாம் நாள் அம்சமே வீட்டுக்கு வந்தாள். கண் உள்ளே போயிருந்தது. வாசலில் நின்றவளைப் பொன்னுத்தாய் உள்ளே கூப்பிட்டு, தான் குடிக்கும் சொம்பில் தண்ணீர் கொடுத்தாள். அம்சம் அதே சொம்பில் வாய்வைத்துக் குடித்தாள்.

"அண்ணனுக்கு வலிச்சிருக்குமா?"

இல்லை என்று சொல்லிவிடலாம். பொன்னுத்தாய்க்கு மனசு வரவில்லை. "வலிச்சிருக்கும். சொல்லத் தெரிஞ்சிருக்காது."

அம்சம் தலையாட்டினாள். "இன்னொண்ணு இருக்கு. கோயில்லேருந்து வரும்போது என் கையப் புடிச்சுக்கிட்டே வந்துச்சு. சின்னப் புள்ள மாதிரி. பாதி வழியில நின்னு, 'பொன்னு எங்க, பொன்னு வரலையா'ன்னு கேட்டுச்சு. அப்புறமும் ரெண்டு தடவ கேட்டுச்சு. பேய்தான் உங்களத் தேடுதுன்னு பயந்து, உங்ககிட்ட நான் சொல்லவே இல்ல."

பொன்னுத்தாய் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். அம்சமும் பக்கத்தில் உட்கார்ந்தாள். அடுப்பில் சோறு அடிபிடித்து வாசனை வந்தது. இருவரும் எழுந்திருக்கவில்லை.

"திருப்பிச் சொல்லு" என்றாள் பொன்னுத்தாய். "எனக்கு மறந்துரும். எப்படிக் கேட்டாரோ, அப்படியே சொல்லு."

அம்சம் சொன்னாள்.