கை கேக்கல

போன் விக்கிறது லேசுங்க. வித்த போன்ல படம் போகலன்னு திரும்பி வர்றவங்களுக்குப் பதில் சொல்றதுதான் பெரும்பாடு. பதுளை பஸ் ஸ்டாண்ட் பக்கத்துல ஒரு போன் கடையில கவுண்டர்ல நிக்கிறவ நான். என்னை மாதிரி நின்னு நின்னு கால் வீங்கினவங்களுக்கு இதெல்லாம் புரியும்.

கைராசி

மடுல்சீமை தேயிலைத் தோட்டத்துல இருந்து ஒரு பெரியவர் வந்தாரு. கொழும்புல வேலை செய்ற மகனுக்குப் புதுசா வாங்கின மாட்டோட படம் அனுப்பணுமாம். போன்ல நாள் கணக்கா வட்டம் சுத்திக்கிட்டே இருக்காம், படம் போக மாட்டேங்குதாம். "தோட்டத்துல சிக்னல் இருக்காங்கய்யா?"ன்னேன். "தண்ணி டேங்க் மேல ஏறினா ஒரு கோடு வரும்"னாரு.

போனை நான் கையில வாங்கினதுதான் தாமதம், டவுன் சிக்னல்ல படம் பறந்துருச்சு. நான் ஒண்ணுமே செய்யலன்னு தலையில அடிச்சுக்காத குறையா சொல்லிப் பார்த்தேன். மனுசன் நம்பவே இல்ல.

"பிள்ளைக்கு நல்ல கைராசி. மாட்டையும் ஒருக்கா ஓட்டிட்டு வாறேன், தொட்டுக் குடுங்க."

யோகா வாங்கின போன்

ஸ்பிரிங்வெளித் தோட்டத்துல கொழுந்து பறிக்கிற லெச்சுமி அக்கா, மகள் யோகாவைக் கூட்டிட்டு வந்தாங்க. யோகாவும் கொழுந்துக்குத்தான் போறா. பொறந்ததுல இருந்து காது கேக்காது, பேச்சும் வராது. "கேக்காத பிள்ளைக்கு என்னத்துக்குப் போன்?"னு முதலாளி என்கிட்ட முணுமுணுத்தாரு. அவர் வாயசைவைப் பார்த்தே அவ வெளங்கிக்கிட்டா.

மத்தவங்க பாட்டுப் போட்டு சத்தம் பார்த்துப் போன் வாங்குவாங்க. இவ முன் கேமராவைத் திறந்து, விரலை மடக்கி நீட்டி வீடியோ எடுத்து, ஒவ்வொரு விரலும் தனியாத் தெரியுதான்னு பார்த்தா. அசந்துட்டேன் போங்க! அப்புறம் முதலாளியைப் பார்த்துக் கையால என்னமோ சொன்னா. லெச்சுமி அக்கா சிரிப்பை அடக்கிக்கிட்டு அதைப் பேச்சாக்கினாங்க.

"மத்தவங்க மாதிரி கடையில நின்னு போன்ல கத்த மாட்டாளாம், முதலாளி. பயப்பட வேணாமாம்."

பாதிப் பேச்சு

யோகாவோட பள்ளிக்கூடத்துல படிச்ச பையன் ரவி. அவனுக்கும் காது கேக்காது. இப்ப அப்புத்தளையில டெய்லர். ரெண்டு பேரும் கையால பேசி வீடியோ எடுத்து அனுப்பிக்குவாங்க. கட்டிக்கணும்னும் ஆசை.

ஒரு நாள் அம்மாவும் மகளும் வந்தாங்க. "போன்ல கோளாறு மகள், அந்தத் தம்பி சொல்றது பாதி கேக்கல"ன்னு என்கிட்ட சொன்னாங்க லெச்சுமி அக்கா. நானும் பழக்க தோசத்துல சவுண்டைக் கூட்டிப் பார்க்கிறேன்! "ஐயோ, கை கேக்கல மகள், கை!"ன்னாங்க. வீடியோவைப் பார்த்தா, ரவி ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உக்காந்திருக்கான். கை ரெண்டும் ஒரே இருட்டு. ஜன்னலைப் பார்த்து உக்காரச் சொல்லுங்கன்னு அனுப்பி வச்சேன். அடுத்த தரம் வந்தப்ப யோகா முகத்துல கோவம், அம்மா முகத்துல சிரிப்பு.

"இப்ப நல்லாக் கேக்குதாம். சண்டை போடுறது கூட ஒரு வார்த்தை விடாமக் கேக்குதாம்."

மாமா கேட்ட கேள்வி

யோகாவுக்கு அப்பா இல்ல. லெச்சுமி அக்காவோட தம்பி சொல்றதுதான் அந்த வீட்டுல சட்டம். ஒரு நாள் அவர் விறுவிறுன்னு வந்து யோகாவோட போனைக் கவுண்டர்ல வச்சு, "இதை வித்துருங்க, கல்யாணப் பேச்சும் இதோட முடியட்டும்"னாரு. பின்னால அம்மாவும் மகளும் அழுத கண்ணோட நிக்கிறாங்க. "ரெண்டுக்கும் காது கேக்காது. நாளைக்குப் பிள்ளை அழுதா யாருக்குக் கேக்கும்? நான் பொல்லாதவனா, சொல்லுங்க?" அவர் குரலும் உடைஞ்சுருச்சு. எனக்கு அவர் மேல கோவம்தான். போனை நான் கையால தொடவே இல்ல.

அதே கேள்வியை யோகா முந்தின நாளே ரவிக்கு அனுப்பியிருக்கா. அவன் பதில் அந்த நேரம் பார்த்து வந்துச்சு. கவுண்டர்ல கிடந்த போன் அதிர, யோகா பாஞ்சு எடுத்து வீடியோவை மாமா முன்னால நீட்டினா. ரவியோட அக்கா எடுத்த வீடியோ. தொட்டில்ல அவங்க கைப்பிள்ளை தூங்குது. ரவி அதுக்கு முதுகைக் காட்டித் தைச்சுக்கிட்டு இருக்கான். பிள்ளை சிணுங்குது. மெசின் மேல இருந்த அவன் போன்ல லைட் பளிச் பளிச்னு அடிக்குது. பிள்ளை அழுற சத்தத்துக்கு லைட் அடிக்கிற மாதிரி போன்ல செஞ்சு வச்சிருக்கான்! துணியை அப்படியே போட்டுட்டு ஓடிப் போய்ப் பிள்ளையைத் தூக்குறான்.

"இன்னொருக்கா போடு"ன்னாரு மாமா. பார்த்தாரு. திரும்பவும் போடச் சொன்னாரு. நான் கண்ணைத் தொடைச்சுக்கிட்டேன், வெக்கம் என்ன இதுல. கடைசியில போனை யோகா கையிலயே குடுத்துட்டு, அக்கா பக்கம் திரும்பினாரு.

"எம்புள்ளைங்க அழுதப்ப எனக்கு நல்லாத்தான் கேட்டுச்சு, நான்தான் எந்திரிக்கல. அக்கா, அப்புத்தளைக்கு எப்பப் போவோம்?"

போனைச் செய்றது கம்பெனி, விக்கிறது நாங்க. அது எதுக்குன்னு கண்டுபிடிக்கிறது என்னவோ வாங்கிட்டுப் போறவங்கதாங்க.