திரும்ப வாசிக்காத ரெஜிஸ்டர்

ஃபின்லாந்தில் என் எதிர்வீட்டுக்காரர், நான் லிஃப்டில் ஏறிப் போகும்வரை கதவுக்குப் பின்னாலேயே காத்திருப்பார். என்மேல் ஏதோ கோபம் என்றுதான் முதலில் நினைத்தேன். அடுத்தவருக்குத் தொந்தரவு தராமலிருப்பது இங்கே மரியாதையாம். எங்கள் திருவண்ணாமலையில் செருப்பை மாட்டும்போதே “எங்க கெளம்பிட்ட?” என்று நாலு பேர் கேட்டுவிடுவார்கள்.

என் வேலை, வைஃபை சிப்போடு கணினி பேசுவதற்கான டிரைவர் நிரல் எழுதுவது. சிப்புக்குள் ரெஜிஸ்டர் என்ற சின்னச் சின்ன அறைகள் உண்டு. அவற்றில் எண்ணை எழுதினால் ரேடியோ விழிக்கும், உறங்கும். நிரல் முழுக்க இந்த எழுதும் வேலையை ஆளுக்கொரு விதமாகச் செய்திருந்ததையெல்லாம் ஹெல்ப்பர் ஃபங்ஷன் எனப்படும் சில பொதுச் சார்புகளுக்குள் கொண்டுவந்தேன். பழைய நிரலில், எழுதிய கையோடு அதே அறையை ஒருமுறை வாசிக்கும் வரி இருந்தது. வீண் என்று எடுத்துவிட்டேன். புதிய சிப்புகளில் எல்லாம் ஒழுங்காக ஓடியது. உடன் வேலை பார்க்கும் மிக்கோ, “சுத்தமாக இருக்கிறது” என்றார். அவர் வாயில் அது பெரிய பாராட்டு.

அக்கா அமுதா ஊரில் வேங்கிக்கால் பகுதியில், கலெக்டர் ஆபீஸ் பக்கம், ஆன்லைனில் மனு போட்டுத் தரும் கடை வைத்திருக்கிறாள். அவளுடைய பழைய லேப்டாப்பில் இலவச இயங்குதளத்தைப் போட்டு, தானாகவே அப்டேட் ஆகும்படி வைத்தது நான்தான். நான் எழுதும் டிரைவரும் அந்த அப்டேட்டோடுதான் போய்ச் சேரும். மழைக்காலத்தில் ஒருநாள் போன் செய்தாள்.

“வைஃபை சும்மா சும்மா போயிடுதுடி. ஜனங்க நின்னுக்கினு திட்றாங்க. எல்லாம் உங்க மாமா இழுத்த ஒயரு.”

சாப்பிட்டுக்கொண்டே, “ரவுட்டர ஒசரத்துல வெச்சுப் பாக்கச் சொல்லுக்கா” என்றேன்.

மாமா ஆட்டோ ஓட்டுபவர். நான் சொன்னதற்காக, ரவுட்டரை உயரத்தில் வைக்க ஒயரை மாற்றி இழுக்கப் போய், மழை விட்ட ஈர மாடியில் வழுக்கி விழுந்தார். வலது மணிக்கட்டு முறிந்தது. பௌர்ணமிக்குச் சில நாள்தான் இருந்தது. கிரிவலக் கூட்டத்தை நம்பியே ஓடும் ஆட்டோ வாசலில் நின்றது.

அதற்குப் பிறகுதான் அவள் லேப்டாப் தானாகக் குறித்துவைக்கும் பதிவுகளை அனுப்பச் சொல்லிப் பார்த்தேன். பழைய வகைச் சிப். அதில் எழுதிய எண், திரும்ப வாசிக்காவிட்டால் வழியிலேயே தங்கிவிடும். ஒயரில் குற்றமில்லை. வீண் என்று நான் எடுத்த வரியில்தான் குற்றம்.

மிக்கோவிடம் சொன்னேன். “உங்கள் அக்கா நம் வாடிக்கையாளரா?” என்று கேட்டார்.

“இல்லை. அக்கா.”

“அப்படியென்றால் புகார் எதுவும் இல்லையே” என்றார். ஆறுதலாகத்தான் சொன்னார்.

பொதுச் சார்புக்குள் அந்த வரியைத் திரும்ப வைத்ததும் எல்லா இடமும் சரியானது; அக்காவின் லேப்டாப்புக்கும் அதை அனுப்பிவைத்தேன். கெடுத்தபோதும் அதே ஒரு வரிதான். மாமாவின் மணிக்கட்டு அப்படி ஒரு வரியில் கூடிவிடாது.

பௌர்ணமியன்று வீடியோவில் அழைத்து எல்லாவற்றையும் சொன்னேன். ஒயரைக் குறை சொன்ன அக்கா மாமாவின் பக்கம் திரும்பினாள். மாமா கட்டுப்போட்ட கையைப் பார்த்தார்.

“அவ்ளோ தூரத்துல இருந்துக்கினே என்னத் தள்ளி வுட்டுட்டியா, கவிதா?”

சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

“சரி வுடு. நெட்டு இப்ப நல்லா வருது. இந்தா, கூட்டத்தப் பாரு” என்று போனை வெளியே திருப்பினார்.

திரை நிறைய மலையும் அதைச் சுற்றி நடக்கும் ஜனமும். மூலையில், விரலால் மறைத்துவிடக்கூடிய சின்னக் கட்டத்தில், பனி பெய்யும் ஜன்னலுக்கு முன்னால் நான்.