மாமாவுக்கு மட்டும் ஓர் அழைப்பிதழ்

சுப்புராஜ் மாமா தம் வாழ்நாளில் ஊன்றிப் படித்தது கல்யாணப் பத்திரிகைகளை மட்டும்தான். தம் பெயர் எங்கே இருக்கிறது, எவனுக்குக் கீழே இருக்கிறது, எழுத்து எவ்வளவு பெரிசு என்று பார்ப்பார். மாப்பிள்ளை யார் என்பதெல்லாம் அவருக்கு அநாவசியம்.

காசிமேட்டில் ஒரு விசைப்படகில் அவருக்குப் பங்கு இருந்த காலம் ஒன்று உண்டாம். நான் பார்த்ததில்லை. பார்த்ததெல்லாம் கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டையும், பெயருக்கு முன்னால் ஒட்டிக்கொண்ட ‘சமூக சேவகர்’ பட்டமும். என்ன சேவை என்று டீக்கடை பெஞ்சைத்தான் கேட்க வேண்டும். சட்டைக்குக் கஞ்சி போடுவது, கல்மண்டபம் மார்க்கெட்டில் மீன் விற்று வீட்டை நடத்துவது, அவர் சண்டை போட்ட வீடுகளில் போய்ச் சமாதானம் சொல்லிவிட்டு வருவது, எல்லாம் அவர் மனைவி பூவம்மா அத்தை.

என் கல்யாணப் பத்திரிகையில் அவர் பெயர் இரண்டாம் வரியில் விழுந்துவிட்டது. மண்டபத்துக்கு எதிரே இருந்த டீக்கடையில் உட்கார்ந்துகொண்டார். அப்பா போய்க் கையைப் பிடித்துக் கூப்பிடும்வரை எழுந்திருக்கவில்லை. தாலி கட்டும் நேரத்தில் நான் மணப்பெண்ணைப் பார்க்கவில்லை, வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதனால்தான், முத்தம்மா சித்தியின் மகள் பவானி, நான் வேலை பார்க்கும் தோஹாவுக்குப் போன் செய்து, தன் கல்யாணப் பத்திரிகையை வீட்டிலேயே தயாரிக்கப் போவதாகச் சொன்னபோது, மாமா பெயர் எந்த வரியில் என்றுதான் நான் முதலில் கேட்டேன். அவளுடைய திட்டத்தில் பெண், மாப்பிள்ளை, இரண்டு பேரின் அப்பா அம்மா, இவர்கள் பெயர் மட்டும்தான். “மிச்ச பேருங்கள படிக்கவா கல்யாணம் பண்றேன்?” என்றாள்.

நான் விடுப்பில் வந்து சேர்ந்தபோது ராயபுரம் வீட்டில் உட்கார இடமில்லை. கட்டில், பீரோ மேல், துணி காயப்போடும் கொடி, எங்கும் பத்திரிகைகள். பாரிமுனையில் வாங்கிவந்த தடித்த காகிதத்தை வெட்டி, தோழி உதயாவிடம் இரவல் வாங்கிய பிரிண்டரில் பவானி அச்சடித்தாள். ஓரத்தில் ஓட்டை போட்டு, வலை பின்னும் நைலான் நூலால் உதயா முடிச்சிட்டாள். சித்தி நான்கு மூலையிலும் மஞ்சள் தடவினாள். காகிதம் பறக்கும் என்று ஃபேனை நிறுத்தியிருந்தார்கள். என் வியர்வை ஒன்றின்மேல் சொட்டியதற்குத் திட்டு வாங்கினேன்.

மாமா வந்தார். ஒன்றை நுனிவிரலில் தூக்கினார். பள்ளிக்கூடப் பிள்ளைகள் செய்தது மாதிரி இருக்கிறது என்றார். பிறகு திருப்பித் திருப்பித் தேடினார்.

“எம்பேரே இல்லாத பத்திரிகைக்கு நான் இன்னாத்துக்கு வரணும்மே?” என்று சித்தியைக் கேட்டுவிட்டு, காபியைத் தொடாமல் போய்விட்டார்.

சித்தப்பா இறந்து பல வருஷம் ஆகிறது. பெண்ணின் கையைப் பிடித்து மேடைக்கு அழைத்து வர வேண்டியவர் தாய்மாமன். அவர் வராவிட்டால் மாப்பிள்ளை வீட்டார் ஆயுசுக்கும் சொல்லிக் காட்டுவார்கள் என்று சித்தி அழுதாள். அப்படிப்பட்ட ஆளின் கைக்காக ஏன் அழ வேண்டும் என்று எனக்குக் கோபம். ஆனால் பயமும் இருந்தது.

பவானி மட்டும் அலட்டிக்கொள்ளவில்லை. “வூட்லதானே அடிக்கிறோம். அதுக்கு ஒன்னு தனியா அடிச்சா போச்சு.”

அடித்தாள். நடுவில் கறுப்புக் கண்ணாடி போட்ட மாமா, காதில் கைப்பேசி. கீழே ‘தலைமை: சமூக சேவகர் சுப்புராஜ்’. மணமக்கள் பெயர் ஒரு மூலையில் ஒதுங்கிக் கிடந்தது. வெளியே தெரிந்தால் என்ன ஆகும் என்று நான் புலம்பியதை யாரும் காதில் வாங்கவில்லை. சித்தி அதைத் தாம்பூலத் தட்டில் வைத்துக் கொடுத்துவிட்டு வந்தாள். அண்ணனின் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பைத் தான் பார்த்ததே இல்லை என்றாள்.

இரண்டு நாள் தாங்கியது. மீன்பிடித் துறைமுகத்து டீக்கடையில், பத்திரிகையில் தன் படம் எப்படி என்று பழைய கூட்டாளி ராமதாஸிடம் கேட்டிருக்கிறார். ராமதாஸ் தனக்கு வந்ததை எடுத்துக் காட்ட, அதில் படமும் இல்லை, தலைமையும் இல்லை.

வந்து நின்றார். எங்கே கையை ஓங்குவாரோ என்று நான் குறுக்கே போய் நின்றேன். பவானி மறைக்கவில்லை.

“ஆமா மாமா. அந்த மாரி ஒன்னே ஒன்னுதான் அடிச்சேன். உனுக்கு மட்டும்.”

“சம்மந்தி வூட்டுக்கு?”

“அவங்களுக்கும் சாதாதான்.”

மாமா யோசித்தார். அவர் யோசிப்பதைப் பார்ப்பது, சேற்றில் மாட்டிய தண்ணி லாரியைப் பார்ப்பது போல. மெல்ல முகம் தெளிந்தது.

“எல்லாருக்கும் சாதா. எனுக்கு மட்டும் ஸ்பெசல்.”

தன்னைக் கேலி செய்திருக்கிறார்கள் என்பது அவருக்கு உறைக்கவே இல்லை. வீராப்பாவது மிச்சமிருக்கும் என்று நினைத்திருந்தேன். இன்னும் நூறு அடித்துத் தரச் சொன்னார். நூறு அடித்தால் அதுவும் சாதாவாகிவிடும் என்றாள் பவானி. அதுவும் நியாயம் என்று ஒப்புக்கொண்டு, இருந்த ஒன்றை லேமினேட் செய்யக் கொண்டுபோனார்.

கல்யாணம் திருவொற்றியூரில். மாமா விடிவதற்குள் வந்துவிட்டார். சித்தியின் முகத்தில் அப்போதுதான் உயிர் வந்தது. ஆனால் அவர் மண்டபத்துக்குள் வரவில்லை. வாசலில் நின்று, வருகிறவர் ஒவ்வொருவரிடமும் அந்த அட்டையை நீட்டி, உனக்கு வந்ததை எடு, ஒத்துப் பார் என்று நிறுத்திக்கொண்டிருந்தார். முகூர்த்த நேரத்தில் இரண்டு முறை ஆள் அனுப்பினோம். இதோ வந்துட்டேன் என்றாராம்.

தாய்மாமன் எங்கே என்று ஐயர் மூன்றாவது முறை கேட்டார். மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். நான் வாசலுக்கு ஓடப் பார்த்தேன். சித்தி என் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

“நீ எங்கடா போற? அது அங்கியே நிக்கட்டும்.” முன்வரிசையில் இருந்த அத்தையிடம் திரும்பினாள். “அண்ணி, நீ வந்து கைய புடி.”

“நானா? அந்தாளு வந்து கத்துவாரே.”

“கத்தட்டும்.” மேளக்காரரைப் பார்த்தாள். “அண்ணே, நீ கொஞ்சம் சத்தமா அடி.”

அத்தை கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு பவானியின் கையைப் பிடித்தாள்.