கை நனைக்காதவர்கள்

எங்கள் வீட்டில் ஊர் தாண்டிப் போவதென்றால் கட்டுச்சோறு இல்லாமல் போக மாட்டோம். கொடைக்கானலோ அழகர்கோவிலோ, காரை மனைவி ஓட்டுவாள். புளியோதரைத் தூக்கு முன்சீட்டில் வரும். நான் பின்னால்.

கப்பலூரில் என்னோடு வேலை பார்ப்பவர் சோழவந்தான் பக்கம் கொஞ்சம் நிலம் வாங்கி வீடு கட்டியிருந்தார். அவருடைய அப்பா அதே வட்டாரத்தில் கூலிக்கு வரப்பு வெட்டியவர். "ஒரு ஞாயித்துக்கெழம வாங்கண்ணே, கெணத்துல குளிக்கலாம்" என்று மாதக்கணக்கில் கூப்பிட்டார். எனக்கு நீச்சல் தெரியாது. இருந்தாலும் போனோம்.

வாசலில் சிரித்துக்கொண்டு நின்றவர், மனைவி தூக்கை இறக்கியதும் சிரிப்பை நிறுத்திவிட்டார்.

"சாப்பாடு கொண்டாந்துட்டீகளாக்கா?"

"வெளிய கெளம்புனா எடுத்துக்கிர்றதுதான்" என்றாள் இவள், பெருமையாக.

அதன்பின் ஆய்வுக்கு வந்த அதிகாரிக்குக் காட்டுவதுபோலக் கிணறு, மோட்டார், தென்னங்கன்று என்று காட்டினார். வெயில் அவருக்கு ஒத்துக்கொள்ளவில்லை போலும் என்று நினைத்தேன்.

"வேப்பமரத்தடியில உக்காருங்கண்ணே. எல கொண்டாரேன். வீட்டுக்குள்ள வரணும்னு இல்ல."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவருடைய ஆட்கள் வீட்டில் கை நனைக்காதவர்கள் எங்கள் பக்கம் இன்னும் இருக்கிறார்கள். முகத்துக்கு நேரே சொல்ல மாட்டார்கள். வயிறு சரியில்லை என்பார்கள், விரதம் என்பார்கள். கையோடு சோறும் கொண்டுவருவார்கள். எங்களையும் அந்தக் கணக்கில் சேர்த்துவிட்டார்.

"தம்பி, எனக்கு வீட்டுக்குள்ளதான் எல போடணும்" என்றேன். குரல் சண்டைக்குப் போவதுபோல் வந்தது.

மனைவி அதற்குள் அடுப்படிக்கே போய்விட்டிருந்தாள். "நாட்டுக்கோழி ஆக்கியிருக்காக. நீங்க வேணா புளியோதரய தின்னுங்க" என்று உள்ளிருந்து சத்தம் வந்தது.

அவரே பரிமாறினார். இலையில் குழம்பு ஓடியது. போதும் என்று சொல்ல எனக்குப் பயமாக இருந்தது. சாப்பிடச் சாப்பிட ஊற்றினார். சிரிப்பு திரும்ப வந்திருந்தது. எனக்கு நிம்மதி, வயிற்றுக்குத்தான் இல்லை.

கை கழுவும்போது அவர் மனைவி இவளிடம் சொன்னது காதில் விழுந்தது.

"ஹோட்டல்ல வாங்கிருவமான்னு நேத்துலருந்து கேட்டுக்கிட்டே இருந்தாருக்கா. நாந்தேன், வந்தா நம்ம வீட்டுச் சோத்தத் திங்கட்டும்னேன்."

எனக்குக் கோபம் வந்தது. அவர்மேல் இல்லை. யார்மேல் என்று சொன்னால் என் சொந்தக்காரர்களில் பாதிப்பேர் என் வீட்டில் கை நனைக்க மாட்டார்கள்.